சித்தூர் சென்டர்

"பொண்ணு ஓடிட்டா. சாயந்திரத்துக்குள்ள எனக்கு வேணும்."

உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்ட அந்த ஆளைப் பாக்யலட்சுமி மேலும் கீழும் பார்த்தாள். மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம் என்பதால், அங்கே வருகிறவர்கள் முதலில் நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் துக்கத்தைச் சொல்வார்கள். இவர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு அதட்டினார். கீழே லாங் பஜாரில் தள்ளுவண்டிக்காரனும் டூவீலர்காரனும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்தது இவர் பேச்சுக்குப் பின்பாட்டு மாதிரி இருந்தது.

"ஓடறவங்களை உடனே பிடிக்கணும்னா பி.டி. மாஸ்டரைத்தான் சார் பார்க்கணும்," என்றான் தௌசீப் அகமது. பாக்யத்தின் உதவியாளன். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவன் அம்மாவே சொல்லியிருக்கிறார்.

"இவன் யாரு?"

"சம்பளம் கம்மியா வாங்கறவன்," என்றாள் பாக்யம். "நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

வந்தவர் பெயர் சம்பத். 'சம்பத் சார் அகாடமி'யின் முதலாளி. மேஜைமேல் அவர் வீசிய விசிட்டிங் கார்டில் வேலூர் என்றும் சித்தூர் என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நீட், ஜேஇஇ, க்யூட், நாட்டா என்று நாட்டில் உள்ள அத்தனை நுழைவுத் தேர்வும் இருந்தது. டாக்டரும் இன்ஜினியரும் கட்டட வரைபடக்காரரும் ஒரே பெஞ்சில் ஒரே வாத்தியாரிடம் தயாராகிறார்கள் போலிருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேர்வு பொருந்தும் என்று கேட்டால், எந்த பேட்ச்சில் இடம் இருக்கிறதோ அது என்பார்கள்.

"பேரு மோகனா. ஒடுகத்தூர் பக்கம். அப்பன் பாண்டியன், வேர்க்கடலை போடற ஆளு. கவர்ன்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். எங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. நாளைக்கு நீட். இன்னைக்கு விடியறதுக்குள்ள போய்ட்டா. போறப்ப என் ரூம்லருந்து ஹால் டிக்கெட்டையும் திருடிக்கினு போய்ட்டா."

"யாரோட ஹால் டிக்கெட்?"

"அவளோடதுதான்."

"அவங்க பொருளை அவங்களே எடுத்துனு போனா அதுக்குப் பேரு திருட்டா சார்?" என்றான் தௌசீப்.

சம்பத் மேஜையில் ஓங்கித் தட்டினார். "எல்லாப் பசங்களோடதும் என்கிட்டதான் இருக்கும். தொலைச்சிடுங்க சனியனுங்க. நாளைக்குக் காலையில சித்தூர் சென்டருக்கு எங்க வேன் போவுது, வேன்ல ஏறும்போது கையில குடுப்பேன். அதான் சிஸ்டம். இவ என்னோட பெஸ்ட் ஸ்டூடண்ட். 'தமிழில் எழுதிச் சாதித்த கிராமத்துத் தங்கம்'னு ஃப்ளெக்ஸ் டிசைனே ரெடி."

"இன்னும் எழுதவே இல்லியே சார்?"

"ஏய்!"

பாக்யம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போலீஸ்ல சொல்லலையா?"

"பேரு கெட்டுப்போகும்."

"அவ அப்பாகிட்ட?"

"அந்த ஆளுக்கு இன்னா தெரியும்? காட்டுல கடலை புடுங்கிக்கினு இருப்பாரு. இங்க பாரும்மா, கண்டுபிடிச்சதும் அவளை யார்கிட்டயும் பேச விடாதே. நேரா எனக்குப் போன் போடு. ஒரு பேப்பர்ல அவ கையெழுத்து வேணும். சின்ன ஃபார்மாலிட்டி."

"கண்டுபிடிக்கிறேன்," என்றாள் பாக்யம். அவள் அவ்வளவு சாதுவாகப் பேசினால் யாருக்கோ கெட்ட நேரம் என்பது தௌசீப்புக்குத் தெரியும். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

*

ஹாஸ்டல் காட்பாடி ரோட்டில் இருந்தது. கிணற்றுக்குள் கட்டின மாதிரி ஒரு கட்டடம். வார்டன் கோவிந்தம்மாள் வாசல் கம்பிக்கதவைத் திறக்காமலே பேசினாள்.

"இன்னாத்துக்கு வந்தீங்க? சாரு ஏற்கெனவே என்னைக் கிழிச்சாரு. இப்ப நீங்க வேறயா?"

"அவர் கிழிச்சதைத் தைக்க வந்தோம்மா," என்றான் தௌசீப். "பொண்ணு எப்படிப் போச்சு?"

"நேத்தே சொல்லிடுச்சு. சென்டரு சித்தூரு, அக்கா வந்து கூட்டினு போவாங்க, ஒரு நாள் முன்னாடியே போறேன்னு. சித்தூரு இன்னா சீமையா? எங்க மருமவளே அந்தூருதான். சரி போன்னு விட்டேன். இருட்டு விலகறதுக்கு முன்னாடி ஒருத்தி வந்தா. கழுத்துல பச்சை டேக்கு. கிட்ட வந்ததும் எனக்குத் தலை சுத்திச்சு, அப்படி ஒரு பசை நாத்தம் கையில."

"காதல் கீதல்னு ஏதாச்சும்?" தௌசீப் குரலைத் தாழ்த்தினான்.

கோவிந்தம்மாள் காறித் துப்பினாள். "போடா. ஒரு வாரமா இந்த ஹாஸ்டல்ல யாரும் தூங்கல. சென்டரு எந்த ஊருன்னு மெசேஜ் வந்துச்சே, அன்னிலருந்து ஒரே பேஜாரு. கணையத்துக்கு இங்கிலீஷ்ல இன்னா, மண்ணீரலுக்கு இங்கிலீஷ்ல இன்னான்னு ஒவ்வொரு கட்டிலா போய் எழுப்பும். என்னையும் எழுப்பிச்சு. மண்ணீரலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது, அதுக்கு இங்கிலீஷ் பேரு வேற!"

பாக்யம் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். கம்பிக்கதவு முனகிக்கொண்டு திறந்தது.

மோகனாவின் அலமாரியில் தமிழ்ப் பாடப்புத்தகங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஓரம் நைந்து, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, வருஷக்கணக்கில் உருட்டிப் படித்த புத்தகங்கள். பக்கத்துக் கட்டில்காரி கோபமாகச் சொன்னாள்: "என்னோட இங்கிலீஷ் மீடியம் பயாலஜி புக்கைத் தூக்கிட்டுப் போய்ட்டா மேடம். கேக்கவே இல்ல. நாளைக்கு எக்ஸாமை வெச்சுக்கிட்டு நான் எதைப் படிக்கிறது?"

மாடிப்படி இறங்கும்போது தௌசீப் தன் முடிவை அறிவித்தான். "அக்கா, எனக்கென்னவோ இது லவ்வுதான்."

"லவ் பண்ணி ஓடறவ பட்டுப்பாவாடையை எடுத்துட்டுப் போவா. இவ அடுத்தவ பயாலஜி புக்கை எடுத்துட்டுப் போயிருக்கா. மண்ணீரலைக் கட்டிக்கப் போறாளா?"

"அப்ப பயந்து ஓடிட்டா. எக்ஸாமுக்குப் பயந்து."

"பயந்து ஓடறவ ஹால் டிக்கெட்டை எதுக்குடா எடுத்துட்டுப் போறா?"

தௌசீப் வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம், ஆனால் நீடிக்கவில்லை. வண்டியருகே போனதும் நெற்றியில் அறைந்துகொண்டான்.

"அக்கா! பச்சை டேக், பசை நாத்தம், இருட்டுல கிளம்பறது. ஷூ கம்பெனி அக்கா! விடியறதுக்கு முன்னாடி வேலூர் ரோட்டுல கம்பெனி பஸ் வந்து பொம்பளைங்களை அள்ளிக்கினு ஆம்பூர் போவும். பஸ் ஸ்டாண்டுல போய் விசாரிச்சா ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான். டேக் போட்டவங்க கூட வந்தா டிரைவரும் கேக்க மாட்டான்."

"உன் தங்கச்சி அங்கதானே தைக்கிறா?"

அலீனாவுக்குப் போன் போட்டான். எதிர்முனையில் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கத்தல் கேட்டது. "வேலை நேரத்துல போன் பண்ணாதேன்னு எத்தினி தடவை சொல்றது? பச்சை டேக்னா பேஸ்டிங் செக்‌ஷன். ஒடுகத்தூர்க்காரியா? ஹேமலதா அக்கா. நேத்து லீவு போட்டு வேலூர் போச்சு, இன்னைக்குக் காலையில ஒரு பொண்ணோட வந்து எறங்கிட்டு மறுபடி லீவு சொல்லிட்டுப் போயிடுச்சு. தங்கச்சியாம். கூடப் பொறந்ததா இருக்காது, ஊர்ப் பொண்ணா இருக்கும். சர்ச்சுக்குப் பின்னாடி லைன் வீடு. வெச்சுடு, சூப்பர்வைசர் பார்க்கிறான்."

"நம்ம ஆபீசை மூடிட்டு கம்பெனி பஸ்ல ஒரு சீட்டு வாங்கிடலாம் அக்கா. எல்லா கேசும் அங்கயே முடிஞ்சிடும்."

*

ஆம்பூர் போகும் வழியில் பள்ளிகொண்டாவைத் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. தௌசீப் டீ வாங்கப் போன நேரத்தில் பாக்யம் யாருக்கோ போன் பேசி முடித்திருந்தாள். யார் என்று அவன் கேட்டான். உன் மாமியார் என்றாள். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சம்பத் காலையில் பேசியதிலேயே அவளுக்கு ஏதோ இடித்திருந்தது. இந்தத் தேர்வு விவகாரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். இருபது வருஷமாகப் பாக்யத்தின் பிழைப்பே கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை டாக்டர் என்பார்கள். எந்தத் தேர்வு எழுதினான், எந்த வருஷம், எந்த ஊர் மையம் என்று இவள் தோண்டுவாள். அப்படித் தோண்டியதில் நாலு கல்யாணம் நின்றிருக்கிறது, ஒரு மாப்பிள்ளை துபாய்க்கே போய்விட்டான். தேர்வு விதிமுறைகளை அதை எழுதுகிற பிள்ளைகள் படிப்பதில்லை, பெற்றவர்கள் படிப்பதில்லை. பாக்யம் வரிவரியாகப் படிப்பாள்.

லைன் வீடு ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து ஒற்றை அறைகள். கதவைத் தட்டியதும் ஹேமலதா வந்தாள். அவளைத் திடகாத்திரம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கத் தெரிந்திருந்தது.

"இன்னா வேணும்?"

"மோகனா."

"அப்படி யாரும் இங்க இல்ல. போங்க."

உள்ளேயிருந்து ஒரு குரல் தன்போக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "ஸ்ப்ளீன்... மண்ணீரல். பேங்க்ரியாஸ்... கணையம். ஆர்ட்டரி... தமனி."

"உங்க வீட்டு ரேடியோ நல்லாப் படிக்குதுங்க," என்றான் தௌசீப்.

ஹேமலதா அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். பாக்யம் தடுக்கவில்லை. அவன் கழுத்தைத் தாண்டி உள்ளே பார்த்துச் சொன்னாள்: "மோகனா, உனக்கு இங்கிலீஷ் பேப்பர்தான் வருதுன்னு எனக்குத் தெரியும். அதை நீ கேக்கலைன்னும் தெரியும்."

முணுமுணுப்பு நின்றது.

வெளியே வந்த பெண்ணுக்கு வயது பதினெட்டு இருக்கும். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. கையில் அந்த பயாலஜி புத்தகம், பக்கத்துக்குள் விரலை விட்டபடி.

"யார் அனுப்புனது? சம்பத் சாரா?"

"ஆமாம்."

"அப்ப உங்ககிட்ட இன்னா பேச்சு? போங்க!"

"சொன்னா போயிடுவோம்," என்றாள் பாக்யம், நகராமல்.

மோகனாவுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டுகிற மாதிரிச் சொன்னாள். அப்ளிகேஷனைப் பிள்ளைகள் யாரும் போடவில்லை. சார் போன் நம்பர், சார் கம்ப்யூட்டர், எல்லாம் சாரே போட்டார். தமிழில் எழுதுகிறேன் என்று அவள் வாயால் சொல்லியிருந்தாள். தமிழ் கேட்டால் கேள்வித்தாளில் தமிழும் இருக்கும், இங்கிலீஷும் இருக்கும். இங்கிலீஷ் கேட்டால் இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கும். ஊர் பெயர் சித்தூர் என்று வந்ததும் சந்தேகப்பட்டுப் போய்க் கேட்டிருக்கிறாள்.

"மாத்தறதுக்கு நாள் முடிஞ்சு போச்சுன்னுட்டாரு. டாக்டராயி மருந்துச் சீட்டு தமிழ்லயா எழுதப்போறேன்னு கேட்டாரு. எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. நேத்து ஒரு பேப்பர் நீட்டினாரு, நானே விரும்பி இங்கிலீஷ் கேட்டேன்னு கையெழுத்து போடணுமாம். போட்டாத்தான் ஹால் டிக்கெட்டாம். நான் போடல. ராத்திரி அவரு டிராயரைத் திறந்து எடுத்துட்டேன். எனக்கு இன்னைக்கு ஒரு நாள் வேணும். அவ்ளோதான். யாரும் கத்தாம ஒரே ஒரு நாள். பிசிக்ஸ்ல கணக்கு கணக்குதான், அதைப் பார்த்துப்பேன். பயாலஜியிலதான் வார்த்தை தெரியாம மாட்டுவேன். தெரியாம அடிச்சா தப்புக்கு ஒரு மார்க் போயிடும். எதைத் தொடணும், எதை விடணும்னு இன்னைக்குத்தான் பிரிக்கணும்."

"மத்தப் பசங்க?"

"இந்த லைன்லயே அமிர்தவள்ளி அக்கா பையன் ஆல்வின் இருக்கான். அவனுக்கும் சித்தூருதான். நேத்தே போன்ல சொன்னேன். போடி, சார் அப்படிப் பண்ண மாட்டாருன்னு வெச்சிட்டான். ஹால் டிக்கெட்டைக் கண்ணால பார்த்தாத்தானே? யாரும் பார்க்கல. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சார் சொன்னாத்தான் வேதம்."

"அதான் அவரையே சொல்ல வைக்கலாம்னு கூப்பிட்டேன்," என்றாள் பாக்யம்.

அந்த நேரத்தில் சந்து முனையில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. மோகனா சட்டென்று ஹேமலதாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"நீங்களா கூப்ட்டீங்க?" ஹேமலதா பல்லைக் கடித்தாள். "ஊருக்கு உழைக்கிற மாதிரி வந்து நின்னு, காட்டிக் குடுத்துட்டியே. நல்லா இருப்பியா நீ?"

"அக்கா," என்றான் தௌசீப். இந்தத் தடவை வேடிக்கை இல்லை. "இது சரியில்ல. டீக்கடையில போன் பண்ணது இதுக்குத்தானா?"

"சும்மா இரு. இன்னைக்கு சனிக்கிழமை. கம்பெனியில அரை ஷிப்ட்."

சொல்லி வாய் மூடவில்லை, சந்தின் இன்னொரு முனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. டிபன் கூடையும் கழுத்தில் டேக்குமாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். காரையும் கூட்டத்தையும் பார்த்ததும் அவரவர் வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வரவில்லை. லைன் வீட்டில் சண்டைக்கு டிக்கெட் கிடையாது.

"எங்க அவ?" சம்பத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மடித்த பேப்பரும் பேனாவும். "ஏறுடி கார்ல. படிப்புக் குடுத்தா நன்றி வேணும். நாய்க்கு இருக்கற நன்றி..."

"சார்," என்று உரக்கக் கூப்பிட்டாள் பாக்யம். "இந்தப் பொண்ணைக் கண்டுபிடிச்சுட்டேன். கூடவே இன்னொண்ணையும் கண்டுபிடிச்சுட்டேன். உங்ககிட்ட இருந்த இவ ஹால் டிக்கெட் போலி."

பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"இன்னா ஒளர்ற?"

"இந்தப் பொண்ணோடது மட்டுமில்ல. உங்க வேன்ல நாளைக்கு சித்தூர் போற அத்தனை பேரோடதும் போலி. காலையில போய் கேட்ல நிப்பாங்க. வாட்ச்மேன் துரத்திவிடுவான்."

டிபன் கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். அமிர்தவள்ளி. "சார், இந்தம்மா இன்னா சொல்றாங்க? என் பையனும் உங்க வேன்லதானே போறான்?"

"பொய்ம்மா! இவ ஏதோ பைத்தியம்!"

"நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன்," என்றாள் பாக்யம். "அமிர்தவள்ளி, உன் பையன் எந்த மீடியத்துல படிச்சான்?"

"தமிழ்தான்."

"நீட்டு எதுல எழுதறான்?"

"தமிழ்லதான். சாருதான் சொன்னாரே, தமிழ்ல எழுதினா ஈசின்னு."

"கேட்டுக்கோங்க எல்லாரும். தமிழ்ல எழுதறேன்னு கேட்டவங்களுக்கு ஆந்திராவுல சென்டரே குடுக்க மாட்டாங்க. அது ரூல். புத்தகத்துல போட்டிருக்கு. சித்தூரு எந்த ஸ்டேட்டு?"

இங்கேதான் எனக்கு நம் ஜனங்கள்மேல் கோபம் வருகிறது. வேலூர்க்காரனுக்குச் சித்தூர் என்பது அடுத்த தெரு மாதிரி. பெண் கொடுப்பான், பெண் எடுப்பான், மாம்பழம் வாங்கி வருவான், சாயந்திரம் வீடு திரும்பிவிடுவான். நடுவில் ஒரு மாநிலம் மாறியது என்பது அவனுக்குத் தோன்றவே தோன்றாது. சென்னையில் மையம் போட்டிருந்தால் இவ்வளவு தூரமா என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். சித்தூர் என்றதும் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சம்பத் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

"ஆந்திராதானே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "அப்ப டிக்கெட்டு டூப்ளிகேட்டா?"

"அடப்பாவி, ஒரு வருஷமா ஓவர்டைம் பார்த்துப் படிக்க வெச்சேனே!" அமிர்தவள்ளி கூடையைக் கீழே போட்டாள். அவள் கை சம்பத்தின் சட்டையை நோக்கிப் போனது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

"போலி இல்ல!" சம்பத் அலறினார். "ஒரிஜினல்! என் கையால நானே போட்ட அப்ளிகேஷன்! அந்த ரூலு தமிழ் கேட்டவங்களுக்குத்தான். இவங்க எல்லாருக்கும் நான் இங்கிலீஷ்தானே..."

அங்கே நிறுத்தினார். நிறுத்தியிருக்கக் கூடாத இடம். ஆனால் அதற்குமேல் போகவும் இடமில்லை.



"யாரு சார் இங்கிலீஷ் கேட்டது?" என்றாள் அமிர்தவள்ளி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

"ரெண்டுல ஒண்ணு சார்," என்றான் தௌசீப், மூச்சை இழுத்துவிட்டு. "டிக்கெட் பொய்யா, தமிழ் பொய்யா? நீங்களே டிக் அடிச்சுட்டீங்க. தப்பான பதிலுக்கு மைனஸ் மார்க்கு இப்ப வரும், ரெடியா இருங்க."

"எதுக்குத் தெரியுமா?" பாக்யம் அந்த விசிட்டிங் கார்டைத் தூக்கிக் காட்டினாள். "சித்தூர்ல இவருக்குப் புதுசா ஒரு பிராஞ்ச். அங்க சேர ஆள் வரணும்னா சுவத்துல மார்க் வாங்கின முகம் வேணும். அங்க படிக்கிறவங்களை நம்பி இவர் இல்ல. இங்க நல்லாப் படிக்கிற பசங்களை எடுத்து, சித்தூர் பிராஞ்ச் விலாசத்துல குடியிருக்கிற மாதிரி போட்டார். ஹால் டிக்கெட்லயே சித்தூர்னு இருந்தாத்தான் அந்த பிராஞ்ச் பசங்கன்னு காட்ட முடியும். தமிழ்னு போட்டா அந்த ஊர் கிடைக்காது. அதனால இங்கிலீஷ். சரியா சார்? வேலூர்ல 'தமிழ்த் தங்கம்'னு ஒரு ஃப்ளெக்ஸ். சித்தூர்ல அதே பொண்ணுக்கு இன்னொரு ஃப்ளெக்ஸ். காலையில நீங்க என் மேஜையில ரெண்டையும் சேர்த்து வெச்சீங்க. தமிழ்ல எழுதறா, சென்டர் சித்தூர்னு. ரெண்டும் ஒரு பிள்ளைக்குப் பொருந்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எல்லாரும் இங்கிலீஷ்லதானே எழுதறாங்க," என்றான் சம்பத். இனிமேல் 'என்றான்' போதும். "ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை மாறும், அவ்ளோதான். இதுக்குப் போய்..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. அமிர்தவள்ளி கொடுத்த அறை சந்து முனைவரை கேட்டது. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் இழுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. டிராயரை நம்பாமல் அவன் காரிலேயே வைத்திருந்த ஹால் டிக்கெட் கட்டை அவர்களே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இங்கிலீஷ் என்று இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். சத்தம் கூடிக்கொண்டே போனது. யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள், யாரோ சித்தூர் பிராஞ்சுக்குப் போன் போட்டு அங்கே இருந்த பாவப்பட்ட ரிசப்ஷன் பெண்ணைத் திட்டினார்கள். சம்பத்தைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனபோது வெயில் சாய்ந்துவிட்டது.

*

தௌசீப் ஹேமலதாவின் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, உன் காலைத் தொட்டுக் கும்பிடணும். நான் கூட நீ விலை போய்ட்டேன்னு நினைச்சேன்."

"நினைச்சது எனக்குத் தெரியும்," என்றாள் பாக்யம். அவளும் உட்கார்ந்தாள். எதிரே சுவரோரம் மோகனா முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே அந்த ஆளு உன்கிட்ட கையெழுத்து கேக்க மாட்டான்." குரலில் பெருமை இருந்தது. இல்லை என்றால் பொய்.

மோகனா தலையை நிமிர்த்தவில்லை. "நாளைக்கு பேப்பர் தமிழ்ல வருமா?"

"...வராது. இனிமே மாத்த முடியாது."

"ஆல்வினுக்கு?"

"அவனுக்கும்தான்."

"அப்ப இவ்ளோ நேரம் எனக்கு இன்னா பண்ணீங்க?" இப்போது நிமிர்ந்தாள். "காலையில வந்து உக்காந்தேன். இருட்டறதுக்குள்ள பயாலஜியை ஒரு சுத்து முடிச்சிடலாம்னு இருந்தேன். நீங்க வந்தீங்க. அவரைக் கூப்ட்டீங்க. ஊரே கத்திச்சு. என் காதுல இன்னும் கத்தறாங்க. ஒரே ஒரு நாள் கேட்டேன். அதையும் நீங்க எடுத்துனு போய்ட்டீங்க."

அந்த ஆளைத் தப்பிக்க விட்டிருந்தால் அடுத்த வருஷமும் இதையே செய்வான் என்று சொல்லலாம். சரியான பதில்தான். இந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பாக்யத்துக்கு வெட்கமாக இருந்தது. குற்றவாளியைப் பிடித்த நாளில் அப்படி அவளுக்கு இருந்ததே இல்லை.

வாசலில் அமிர்தவள்ளி வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஹால் டிக்கெட். அவளுக்குப் பின்னால் நெடுநெடுவென்று வளர்ந்த ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

"மோகனா, நேத்து உன்னை நம்பாம போனை வெச்சிட்டானாம். மனசுல வெச்சுக்காதம்மா. இவனுங்களுக்கு ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ்ல தெரியாது. நீ படிக்கிறதைக் கொஞ்சம் சத்தமாப் படிச்சீன்னா..."

ஹேமலதா மறுக்க வாயைத் திறந்தாள். மோகனா கையைக் காட்டி நிறுத்தினாள். ஆல்வினைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"உள்ள வாங்க எல்லாரும். தெரியாத கேள்வியை யாரும் தொடாதீங்க, அதை முதல்ல மண்டையில ஏத்திக்கோங்க. ரத்த ஓட்டத்துலருந்து ஆரம்பிக்கிறேன்."

பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். ஒற்றை அறை, சுவருக்குச் சுவர் நிறைந்துபோனது. கடைசியாக வந்த பெண்ணுக்கு உட்கார இடமில்லை. மோகனா பாக்யத்தைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எழுந்திருங்க. எடம் வேணும்."

எழுந்து வெளியே வந்தார்கள்.